விரலுக்குத் தகுந்த வீக்கம்: மவுண்டன் பைக்கிற்கு எத்தனை அங்குல டயர் பொருந்தும்?

சாலாக் செலாத்தான், டேசா பெட்டாலிங், சுங்கை பீசி வட்டாரங்களில் காலையில் வேலைக்குப் புறப்படும் சைக்கிள்களைக் கவனித்தால், அவற்றில் பல மவுண்டன் பைக் வகையைச் சேர்ந்தவை என்பது தெரியும். எல்ஆர்டி நிலையத்துக்கும் கடைவீதிக்கும் பாதுகாவலர் பணிக்கும் நம்மவர்கள் ஓட்டிச் செல்லும் அதே வகை சைக்கிளைத்தான் வார இறுதியில் இளையோர் புக்கிட் கியாராவின் காட்டுத் தடங்களுக்கும் புத்ராஜெயா சவால் பூங்காவுக்கும் கொண்டு செல்கின்றனர்.

டயர் தேய்ந்ததும் இந்த இரு தரப்பினரும் கடையில் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றே. 1.95 போதுமா, 2.25 வேண்டுமா, 2.4 போட்டுப் பார்க்கலாமா? அகலம் கூடினால் பிடிப்பும் கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை. மறுபாதி தெரியாமல் வாங்குவோர் பணத்தை இழக்கலாம். நனைந்த வேரிலோ சாலை வளைவிலோ விழுந்து அடிபடவும் கூடும். நல்ல டயர் ஒரு ஜோடிக்குப் பல நூறு ரிங்கிட் ஆகும் நிலையில், அகலம் உண்மையில் என்ன செய்கிறது என்பதை அறிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் ‘29 × 2.25’ என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் சக்கரத்தின் ஏறத்தாழ வெளி விட்டத்தையும், இரண்டாவது எண் டயரின் அகலத்தையும் அங்குலத்தில் குறிக்கும். அதன் அருகிலேயே சிறிய எழுத்தில் ‘57-622’ என்று இன்னொரு குறிப்பும் காணப்படும். 57 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 622 என்பது டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். கடையில் நம்ப வேண்டியது இந்த இரண்டாவது குறிப்பைத்தான்.

29 அங்குலச் சக்கரத்துக்கு 622, 27.5க்கு 584, இன்றும் பலர் வைத்திருக்கும் பழைய 26 அங்குல மவுண்டன் பைக்கிற்கு 559 என்பது கணக்கு. பழைய சைக்கிள் வைத்திருப்போர் ஒன்றில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ‘26 × 1.75’ என்றும் ‘26 × 1¾’ என்றும் இரு வகை டயர்கள் உண்டு. பள்ளிக் கணக்குப்படி இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதலாவது 559 மி.மீ ரிம்மிற்கும் இரண்டாவது 571 மி.மீ ரிம்மிற்கும் உரியது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது.

இன்று விற்கப்படும் அகலங்களைப் பொதுவாக இப்படிப் பிரிக்கலாம். சாலைக்கான வழுவழுப்பான டயர்கள் 1.5 முதல் 2.0 அங்குலம் வரை. வேகமாக ஏறி இறங்கும் குறுக்குநாட்டு ஓட்டத்துக்கு 2.2 முதல் 2.4 வரை. வேரும் கல்லும் நிறைந்த காட்டுத் தடங்களுக்கு 2.3 முதல் 2.5 வரை. செங்குத்தான மலை இறக்கத்துக்கு 2.4 முதல் 2.6 வரை. அதற்கு மேல் 2.8, 3.0 அங்குல ‘பிளஸ்’ டயர்களும், மணலுக்கும் பனிக்கும் பயன்படும் 4 அங்குல, 5 அங்குலப் பெரும் டயர்களும் உள்ளன.

இந்த அளவுகள் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன. 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனம் தன் சைக்கிள்களுக்கு 26 × 2.125 அங்குல பலூன் டயரைக் கொண்டு வந்தது. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்து இளைஞர்கள் மலைச் சரிவுகளில் ஓட்டி இறங்கிய பழைய சைக்கிள்களில் அத்தகைய டயர்களே இருந்தன. அங்கிருந்துதான் மவுண்டன் பைக் பிறந்தது. 1990களில் எடை குறைப்பதே குறியாகி, பந்தய வீரர்கள் 1.9, 2.1 அங்குல டயர்களில் காற்றை இறுக்கமாக நிரப்பி ஓட்டினார்கள். இன்று உலகக் கோப்பைக் குறுக்குநாட்டுப் பந்தயங்களிலேயே 2.35, 2.4 அங்குலம் சாதாரணமாகிவிட்டது. ஒல்லியான டயரே வேகமானது என்ற பழைய எண்ணம் கரடுமுரடான தடத்தில் எடுபடவில்லை.

பிடிப்பைத் தருவது அகலமா, காற்றா?

டயர் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். அந்தப் பரப்பை முதலில் முடிவு செய்வது அகலம் அல்ல, உள்ளிருக்கும் காற்றழுத்தம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுபவர், சைக்கிள், தண்ணீர் போத்தல் எல்லாம் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 54 கிலோ பின் சக்கரத்தில் இறங்கும். டயரில் 30 பிஎஸ்ஐ காற்று இருந்தால் அது தரையைத் தொடும் பரப்பு சுமார் 26 சதுர சென்டிமீட்டர். 20 பிஎஸ்ஐக்குக் குறைத்தால் அதே பரப்பு சுமார் 38 சதுர சென்டிமீட்டராக விரியும். டயரை மாற்றாமல், ஒரு காசு செலவழிக்காமல், தொடும் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது.

அகலமான டயரை வாங்கி அதில் பழைய டயரில் இருந்த அதே அழுத்தத்தை நிரப்பினால், தொடும் பரப்பின் வடிவம் மாறும். நீளம் குறைந்து அகலம் கூடும். ஆனால் மொத்தப் பரப்பு ஏறத்தாழ அப்படியே இருக்கும். ‘புது டயர் போட்டும் வித்தியாசமே இல்லை’ என்று சிலர் குறைப்படுவதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் அகலத்தின் பயன் என்ன? அகலமான டயர் உயரமாகவும் இருக்கும். அதில் காற்றின் கொள்ளளவும் அதிகம். ஆகவே அழுத்தத்தைக் குறைத்தாலும் ரிம் தரையில் இடிக்காது. ஒல்லியான டயரில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு வேரிலோ சாலை விளிம்பிலோ மோதினால், டியூப் ரிம்முக்கும் வேருக்கும் இடையில் நசுங்கி அருகருகே இரண்டு துளைகள் விழும். பாம்பு கடித்ததுபோல் இருப்பதால் சைக்கிளோட்டிகள் அதைப் பாம்புக்கடி என்றே சொல்வார்கள். அகலமான டயர் அந்த அபாயம் இல்லாமல் அழுத்தத்தைக் குறைக்க இடம் கொடுக்கிறது. அழுத்தம் குறைந்த டயர் வேரையும் கல்லையும் தழுவிக்கொண்டு ஏறும். சைக்கிள் துள்ளாது, கையும் இடுப்பும் வலிக்காது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரே அழுத்தத்தில் அகலமான டயரின் சுவர் ஒல்லியான டயரின் சுவரைக் காட்டிலும் அதிகமாக இழுக்கப்படுகிறது. அதனால்தான் அகலமான டயர்களில் அச்சிடப்பட்டிருக்கும் உச்ச அழுத்தம் குறைவாக இருக்கும். பழைய டயரில் 60 பிஎஸ்ஐ அடித்த பழக்கத்தில் புதிய 2.4 டயரிலும் அவ்வளவு நிரப்புவது டயருக்கும் ஆபத்து, ரிம்முக்கும் ஆபத்து.

75 கிலோ எடையுள்ளவர் 2.3 அல்லது 2.4 அங்குல டயரில் காட்டுத் தடத்தில் ஓட்டுவதற்கு, டியூப் இருந்தால் 26 முதல் 30 பிஎஸ்ஐ வரையிலும், டியூப்லெஸ் என்றால் 20 முதல் 24 பிஎஸ்ஐ வரையிலும் வைத்துத் தொடங்கலாம். முன் சக்கரத்தில் பின்னதைவிட 2 பிஎஸ்ஐ குறைவாக இருக்கட்டும். எடை கூடியவர்கள் சற்றுக் கூட்டியும் குறைந்தவர்கள் சற்றுக் குறைத்தும் பார்க்க வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் காற்று நிரப்புவோர், அங்குள்ள கருவி கிலோபாஸ்கல் கணக்கில் காட்டலாம் என்பதைக் கவனிக்கவும். 7 கிலோபாஸ்கல் என்பது ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ. கருவி 200 என்று காட்டினால் அது 29 பிஎஸ்ஐ.

நம் மண்ணும் நம் மழையும்

இணையத்தில் கிடைக்கும் டயர் ஆலோசனைகளில் பல ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்குள்ள வறண்ட மண்ணுக்கும் பாறைக்கும் பொருந்துவது கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அப்படியே பொருந்தாது.

புக்கிட் கியாராவை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் அது ரப்பர் தோட்டம். நம் முன்னோர் பால்வெட்டிய நிலம். அத்தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதியின் நீள வீடுகளுக்கு மாற்றப்பட்ட கதையும் வாசகர்கள் அறிந்ததுதான். இன்று அந்தக் குன்றில் மரங்களுக்கிடையே வளைந்து செல்லும் ஒற்றையடித் தடங்களைத் தன்னார்வலர்கள் பராமரித்து வந்துள்ளனர். தடமெங்கும் குறுக்கே வேர்கள் ஓடுகின்றன. அடியில் களிமண் கலந்த செம்மண். மாலை மழை பெய்தால் மறுநாள் காலையிலும் மர நிழலில் ஈரம் காயாமல் இருக்கும்.

இத்தகைய இடத்தில் டயருக்கு இரண்டு வேலைகள் உள்ளன. முதலாவது, நனைந்த வேரில் வழுக்காமல் இருப்பது. இதற்கு அகலமும் குறைந்த அழுத்தமும் உதவும். ஆனால் அவற்றைவிட ரப்பரின் மென்மையே அதிகம் உதவும். 2.4 அங்குல அகலத்தில் கெட்டியான ரப்பர் கொண்ட மலிவு டயர், 2.25 அங்குல மென்மையான ரப்பர் டயரிடம் வேரில் தோற்றுவிடும். மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

இரண்டாவது வேலை, ஒட்டிய களிமண்ணை உதறுவது. இதில் அகலம் சில வேளைகளில் எதிரியாகிவிடும். டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் பற்கள் நெருக்கமாக இருந்தால், இடையில் களிமண் அடைத்துக்கொண்டு டயர் வழுவழுப்பான உருளையாகிவிடும். அதற்குப் பிறகு அது எத்தனை அங்குலமாக இருந்தாலும் பயனில்லை. அகலமான டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையே இடைவெளி குறைவாக இருந்தால், மண் அங்கே சிக்கிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். மேலே சேறும் அடியில் கெட்டி மண்ணும் உள்ள இடங்களில் சற்று ஒல்லியான டயர் சேற்றைக் கிழித்து அடித்தரையைப் பிடித்துக்கொள்ளும். அடி காணாத ஆழச் சேற்றில் அகலமான டயர் மேலே மிதந்து செல்லும். நம் காட்டுத் தடங்களில் பெரும்பாலும் முதல் வகைச் சேற்றைத்தான் சந்திக்கிறோம்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், இங்குள்ள காட்டுத் தடங்களில் ஓட்டும் பெரும்பாலோருக்கு, பற்கள் சற்று இடைவிட்டு அமைந்த 2.25 முதல் 2.4 அங்குல டயர் போதுமானது. 2.6க்கு மேல் போவோருக்குக் கிடைக்கும் சொகுசு சிறிது. இழுக்க வேண்டிய எடை அதிகம்.

முன்னே சற்று அகலம், பின்னே சற்றுக் குறைவு

இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அகலம் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பின் சக்கரம் வழுக்கினால் சைக்கிள் ஆடும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் ஓட்டுபவர் அநேகமாக விழுந்தே தீர வேண்டும். திருப்புவதும் முன் சக்கரமே, இறக்கத்தில் பிரேக் போடும்போது எடையைத் தாங்குவதும் அதுவே. ஆகவே முன்னே 2.4, பின்னே 2.25 அல்லது 2.3 என்று போடுவது பலருடைய வழக்கம்.

ஒரு டயருக்கு மட்டுமே பணம் இருந்தால், புதியதை முன் சக்கரத்தில் போட்டு, முன்னே இருந்த பழையதைப் பின்னே மாற்றுங்கள். பின் டயர்தான் வேகமாகத் தேயும் என்பதால் புதியதைப் பின்னே போடும் பழக்கம் பலரிடம் உண்டு. பாதுகாப்பு என்று பார்த்தால் அது தலைகீழ்.

ஃபிரேமும் ரிம்மும் இடம் தர வேண்டும்

‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது டயருக்கு அப்படியே பொருந்தும். ஆசைப்பட்ட அகலத்தை வாங்குவதற்கு முன், சைக்கிள் அதற்கு இடம் தருமா என்று பார்க்க வேண்டும்.

டயருக்கும் ஃபிரேம் குழாய்களுக்கும் இடையில் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 6 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். அளப்பதற்குச் சிறப்புக் கருவி வேண்டாம். 6 மி.மீ ஆலன் சாவி ஒன்றை அந்த இடைவெளியில் நுழைத்துப் பாருங்கள். பின் சக்கரத்தின் இரு புறமும், முன் ஃபோர்க்கின் இரு காலுக்கு நடுவிலும், மேல் வளைவுக்கு அடியிலும் பார்க்க வேண்டும். பழைய சைக்கிள்களில் பெரும்பாலும் பின் பக்கம்தான் இடம் குறைவாக இருக்கும்.

டயரின் அகலம் 0.1 அங்குலம் கூடினால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 1.3 மி.மீ இடம் போகும். இப்போது 2.1 டயர் இருக்கிறது, பக்கத்துக்கு 10 மி.மீ இடைவெளி உள்ளது என்று கொள்வோம். 2.4 போட்டால் பக்கத்துக்கு ஏறத்தாழ 4 மி.மீ குறைந்து 6 மி.மீ மிஞ்சும்; சமாளிக்கலாம். 2.5 போட்டால் 5 மி.மீ கூட மிஞ்சாது. ரிம் சற்றே கோணினாலும் டயர் ஃபிரேமில் உரசும். சில டயர்கள் காற்று நிரப்பிய சில நாட்களில் இன்னும் கொஞ்சம் விரிந்து கொடுக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரிம். இங்கே பார்க்க வேண்டியது ரிம்மின் உள் அகலம். உள் அகலம் 17 முதல் 19 மி.மீ கொண்ட பழைய ரிம்மிற்கு 1.5 முதல் 2.2 அங்குல டயர் ஏற்றது. 21 முதல் 23 மி.மீ என்றால் ஏறத்தாழ 2.35 வரை போகலாம். 25 முதல் 30 மி.மீ கொண்ட இன்றைய ரிம்கள் 2.25 முதல் 2.6 வரை தாங்கும். ஒடுங்கிய ரிம்மில் அகலமான டயரைப் போட்டால் அது மின்குமிழ்போல் அடி சிறுத்து மேல் பருத்து நிற்கும். நேராக ஓடும்போது ஒன்றும் தெரியாது. வளைவில் சாய்த்ததும் டயர் பக்கவாட்டில் மடங்கும். அகலத்தால் கிடைக்க வேண்டிய நன்மை அங்கே கெடுதலாக மாறிவிடும். மிக அகலமான ரிம்மில் ஒல்லியான டயரைப் போட்டாலும் டயரின் மேற்பகுதி தட்டையாகிவிடும். கல்லிலும் சாலை விளிம்பிலும் ரிம் நேரடியாக அடி வாங்கும்.

டியூப்லெஸ்ஸுக்கு மாற நினைப்போர், ரிம்மும் டயரும் இரண்டுமே அதற்கென்று செய்யப்பட்டவையா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். உள்ளே ஊற்றும் அடைப்புத் திரவத்தில் சில வகைகள் இயற்கை ரப்பர் பாலைக் கொண்டு செய்யப்படுபவை. நம் வெயிலில் அது சில மாதங்களில் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது.

சாலையில் மட்டும் ஓட்டுவோருக்கு

காட்டுப் பக்கமே போகாமல், மவுண்டன் பைக்கை வேலைக்கும் கடைக்கும் மட்டும் பயன்படுத்துவோர் நம்மில் பலர் உள்ளனர். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நேர் எதிரானது. பெரிய பற்கள் கொண்ட 2.1, 2.25 டயர் தார்ச்சாலையில் ஒவ்வொரு மிதிக்கும் கூடுதல் உழைப்பைக் கேட்கும். பற்கள் தார்ச்சாலையில் வளைந்து நிமிர்வதிலேயே காலின் சக்தி வீணாகிறது. வளைவில் அதே பற்கள் நெளிவதால் பிடிப்பும் குறையும்.

இவர்களுக்கு 1.5 முதல் 2.0 அங்குல வழுவழுப்பான டயர் போதும். சாலைக் குழிகளும் வேகத்தடைகளும் வடிகால் இரும்புக் கம்பி மூடிகளும் நிறைந்த நம் சாலைகளுக்கு 1.75 முதல் 2.0 வரை உள்ளவை பொருத்தமானவை. கம்பிகள் சாலையின் திசையிலேயே ஓடும் மூடிகளில் ஒல்லியான டயர் சிக்கி விழுந்தால் அடி பலமாக இருக்கும். 1.75 அகலத்துக்கு 45 முதல் 55 பிஎஸ்ஐ வரை வைத்துப் பார்க்கலாம். டயரில் அச்சிடப்பட்ட உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

வழுவழுப்பான டயர் மழையில் வழுக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. கார் டயருக்குப் பள்ளக் கோடுகள் தேவைப்படுவது, அதன் அகலமான தட்டைப் பரப்புக்கு அடியில் தண்ணீர் சிக்கிக்கொள்வதால். சைக்கிள் டயர் ஒடுக்கமானது, வளைந்தது. சாதாரண வேகத்தில் அது தண்ணீரைத் தானே இரு பக்கமும் ஒதுக்கிவிடும். மழையில் உண்மையான ஆபத்து சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகளும், இரும்பு மூடிகளும், எண்ணெய்க் கறையும்தான். அவற்றின் மேல் எந்த டயரும் வழுக்கும். அங்கே சாய்க்காமல், பிரேக்கை அழுத்தாமல் நேராகக் கடக்க வேண்டும்.

டயரின் அகலம் அதிகமாக மாறினால் டியூபையும் பார்க்க வேண்டும். 1.75–2.125 என்று அச்சிட்ட டியூப் அந்த எல்லைக்குள் உள்ள டயர்களுக்கே உரியது. 2.4 டயருக்குள் அதைப் போட்டால் அளவுக்கு மீறி விரிந்து மெல்லியதாகி எளிதில் துளைபடும்.

கடைக்குப் போகும் முன்

முதலில் செலவழிக்க வேண்டியது டயருக்கு அல்ல, நம்பகமான காற்றழுத்தமானி ஒன்றுக்கு. இருக்கும் டயரிலேயே அழுத்தத்தை இரண்டு இரண்டு பிஎஸ்ஐயாகக் குறைத்து, ஒரே தடத்தில் ஓட்டிப் பாருங்கள். ரிம் தரையில் இடிக்கும் சத்தம் கேட்டால் 2 பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ளுங்கள். அந்த நிலையிலும் பிடிப்புப் போதவில்லை என்றால், இன்னும் அழுத்தத்தைக் குறைக்க இடம் தரும் அகலமான டயர் உங்களுக்குத் தேவை. பிடிப்பு போதும் என்றால் உங்கள் பணம் மிஞ்சியது.

டயர் வாங்கத்தான் வேண்டும் என்று முடிவானால், 559, 584, 622 ஆகியவற்றில் உங்கள் ரிம்மின் எண் எது, ரிம்மின் உள் அகலம் எவ்வளவு, ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் பக்கத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்ற மூன்றையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டு செல்லுங்கள். பிள்ளைகளுக்கு வாங்கும் பெற்றோருக்கு இது இன்னும் முக்கியம். பருத்த டயர் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். பதினான்கு வயதுப் பிள்ளை அதை மேட்டில் இழுக்க வேண்டுமே!

வாரத்தில் ஆறு நாள் சாலாக் செலாத்தான் சாலைகளில் ஓட்டி, ஒரு நாள் மட்டும் புக்கிட் கியாரா போகிறவர், அந்த ஆறு நாளுக்கான டயரைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. நடுவில் பற்கள் தாழ்ந்தும் ஓரங்களில் எழுந்தும் உள்ள 2.0 அல்லது 2.1 அங்குல டயர் அவருக்கு இரண்டு வேலையையும் ஓரளவு செய்து கொடுக்கும். அந்த ஒரு நாள் மழை பெய்திருந்தால், அத்தகைய டயரோடு செங்குத்தான இறக்கங்களில் இறங்காமல் இருப்பது நல்லது. தடம் காய்ந்த பிறகு போனால், ஈர மண்ணில் பள்ளம் விழாமல் தடத்தையும் காப்பாற்றலாம்.